சொந்த ஊர்ச் சிற்றுண்டிச் சாலை



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டுச் சென்ற ஒருவர் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உறவினர் வீட்டுக்குப் போவார். அடுத்துக் கோயிலுக்கோ, தாம் படித்த பள்ளிக்கோ போவார். இவற்றையெல்லாம் பிறர் அறியவே செய்வார். ஒருவரிடமும் சொல்லாமல் அவர் போய்வரும் இடம் ஒன்று உண்டு. அது இளமையில் அவர் சிற்றுண்டி அருந்திய ஓட்டல். அங்கே அமர்ந்து, பழைய பலகாரத்தையே பெயர் சொல்லிக் கேட்டு உண்டு, காப்பியும் பருகிவிட்டு வெளியே வருவார். வந்ததும் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் கூறுவார்: "பழைய ருசி இல்லை."

முப்பத்தைந்து ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். ஒரு விடையைக் கண்டால், அது எவ்வழியே வந்தது என்று பார்த்த பிறகே மதிப்பெண் இடுவது என் வழக்கம். 'பழைய ருசி இல்லை' என்ற விடையையும் அவ்வாறே இன்று உங்களோடு சேர்ந்து சரிபார்க்க விரும்புகிறேன்.

என் ஊர் கும்பகோணம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த ஊர். கோயில்களும் பாத்திரக் கடைகளும் நிறைந்தது. காப்பியின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்துக்கொண்டது. இன்று நெடுஞ்சாலைகளில் நீங்கள் எங்கே சென்றாலும் 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்ற பலகையைக் காணலாம். அந்த ஊரிலேயே வளர்ந்த எனக்கு நினைவு தெரிந்த நாளில் அது வெறும் காப்பியாகத்தான் இருந்தது. அதன் முழுப் பெயரை நான் அறிந்துகொண்டது ஊரை விட்டு வெளியேறிய பிறகே!

'டிகிரி' என்ற சொல்லுக்குப் பலர் பலவாறு பொருள் கூறுவர். பாலின் செறிவை அளக்கும் பால்மானியின் அளவையே அது குறிக்கும் என்பர் சிலர். கலப்பில்லாத பசும்பாலில் அக்கருவியை மிதக்கவிட்டால் பெரும்பாலும் 28 முதல் 30 வரை காட்டும். தண்ணீர் சேரச் சேர அந்த அளவு குறையும். முதல் முறை இறங்கும் டிக்காஷனுக்கு அப்பெயர் என்பர் வேறு சிலர். சிக்கரி என்ற சொல்லே மருவி அவ்வாறாயிற்று என்போரும் உளர். எது உண்மையாயினும், காப்பிக்கும் பட்டம் கொடுத்துப் பார்க்கும் ஊர் அது என்பதில் ஐயமில்லை.

இந்தக் காப்பி நம் நாட்டில் பழையது என்று எண்ணிவிடாதீர்கள். காலையில் பழைய சோறும் நீராகாரமும் உண்டு வந்த தமிழர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே காப்பிக்குப் பழகினர். இவ்வரலாற்றை ஆராய்ந்த பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலுக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே பெயரிட்டார். காப்பி வந்த பின்னர்க் காப்பி கிளப்புகள் தோன்றின. அவையே பின்னர் ஓட்டல்கள் ஆயின.

அவை யாருக்காகத் தோன்றின? உள்ளூரில் வீடும் அடுப்பும் உள்ளவர்க்கு ஓட்டல் தேவையில்லை. வழக்கின் பொருட்டு நீதிமன்றத்துக்கு வந்தவர், சரக்கு வாங்க வந்த வணிகர், சுவாமி தரிசனத்துக்கு வந்த யாத்திரிகர், கல்லூரியில் பயில வந்த மாணவர் ஆகியோர்க்கே அது வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கல்லூரி 1854-இல் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர்க் கல்லூரியாக உயர்ந்தது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அதை நாடி வந்து தங்கினர். ஆகவே ஓட்டல் என்பதே வீட்டை விட்டு வந்தவர்களின் இடம். அதைச் சொந்த ஊரின் அடையாளமாக நாம் போற்றுவது சற்று வேடிக்கைதான்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1968-ஆம் ஆண்டில், மகாமகம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த விழாவுக்கு ஊர் கொள்ளாத கூட்டம். என் தந்தையார் என்னைத் தோளில் சுமந்து சென்று, எங்கள் தெருவை அடுத்திருந்த ஓர் ஓட்டலில் இட்டிலியும் கடப்பாவும் வாங்கித் தந்தார். கடப்பா என்பது உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்த்துச் செய்யும் குழம்பு. தஞ்சைப் பகுதி ஓட்டல்களுக்கே அது உரியது, நாள்தோறும் கிடைக்காது. அந்த ஓட்டலின் பெயர் இங்கே வேண்டா. நான் கூறப்போவது ஒரு கடையின் கதையன்று. அது போன்ற கடைகள் எல்லாவற்றின் கதை.

அங்கே பரிமாறுபவர் ஒரே மூச்சில் பதினைந்து பலகாரங்களின் பெயரைச் சொல்லி முடிப்பார். பின்கட்டில் சரக்கு மாஸ்டர் விறகடுப்பின் முன்னே வியர்வை வழிய நின்றிருப்பார். ஆட்டுக்கல்லில் இருவர் மாறி மாறி மாவு அரைப்பர். பித்தளை வடிகட்டியின் மேல் அடுக்கில் தூளை இட்டு வெந்நீர் ஊற்றினால், கீழ் அடுக்கில் டிக்காஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். டம்ளருக்கும் டபராவுக்கும் இடையே ஒரு முழ உயரத்துக்குக் காப்பியை ஆற்றுவர். உண்டு முடித்தவர் வாசலில் இருந்த கடையில் காவிரிக்கரை வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார். அந்தக் கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது.

ஆசிரியப் பயிற்சி முடித்து, தொலைவிலுள்ள தருமபுரி மாவட்டத்தில் பணியேற்றேன். ஆண்டுக்கொரு முறை ஊருக்கு வந்தவன், பெற்றோர் மறைந்த பின் வருவதையும் குறைத்துக்கொண்டேன். சென்ற ஆண்டு ஓர் உறவினர் இல்லத் திருமணத்துக்குப் போனபோதுதான், நெடுநாள் இடைவெளிக்குப் பின் அந்த ஓட்டலுக்குள் நுழைந்தேன். சுவரில் பளபளக்கும் ஓடுகள் பதித்திருந்தனர். பலகாரப் பட்டியல் மின்பலகையில் ஒளிர்ந்தது. இட்டிலியும் கடப்பாவும் காப்பியும் வரவழைத்து உண்டேன். பழைய ருசி இல்லை என்றே எனக்கும் தோன்றியது. அந்த எண்ணத்தைத்தான் இப்போது பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

முதற் காரணம் பண்டத்தில் உள்ளது. ஆட்டுக்கல்லின் இடத்தை, 1950-களில் கோயம்புத்தூரில் உருவான மாவரைக்கும் எந்திரம் பிடித்துக்கொண்டது. விறகின் இடத்தை எரிவாயு பிடித்தது. கறந்த பால் வந்த இடத்தில் உறைப்பால் வருகிறது. அது தரப்படுத்திய பால், கொழுப்பு 4.5 விழுக்காடு, கொழுப்பல்லாத திடப்பொருள் 8.5 விழுக்காடு எனக் கணக்கிட்டு அமைத்தது. என்றும் ஒரே தன்மையாய் இருப்பது அதன் சிறப்பு. ஆனால் மாட்டுக்கு மாடும் பருவத்துக்குப் பருவமும் மாறும் மணம் அதில் இராது. காப்பித்தூளில் சிக்கரியின் பங்கும் கடைக்குக் கடை வேறுபடும். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது விதி. அந்த எல்லைக்குள்ளே எத்தனையோ சுவைகள் அமையலாம்.

இட்டிலியின் செய்தி இன்னும் நுட்பமானது. அரைத்த மாவை இரவு முழுதும் வைத்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றுள் முதன்மையானது லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்பது. அது புளிப்பையும் தருகிறது. வாயுவை உண்டாக்கி மாவைப் பொங்கவும் செய்கிறது. உளுந்தின் பசை அவ்வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வதாலேயே இட்டிலி மெத்தென்று அமைகிறது. நீர், அரிசி, உளுந்து, அரைக்கும் முறை, இரவின் வெப்பம் ஆகியவற்றுள் ஒன்று மாறினும் சுவை மாறும். ஆதலின் பண்டம் மாறிவிட்டது என்று கூறுவோர் கூற்றில் உண்மை உண்டு.

இரண்டாவது காரணம் உண்பவரிடம் உள்ளது. நாவிலுள்ள சுவை மொட்டுகளின் உயிரணுக்கள் ஏறத்தாழப் பத்து நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. முதுமையில் அப்புதுப்பிப்பு தளர்கிறது. மணம் அறியும் ஆற்றலோ அறுபது வயதுக்கு மேல் பலருக்கும் குறைகிறது. சுவை என்று நாம் கருதுவதில் பெரும்பகுதி மணமே ஆகும். ஐயமிருப்பின் இன்றே சோதித்துப் பாருங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் காப்பி பருகுங்கள். இனிப்பும் கசப்பும் தெரியும். அது காப்பி என்பது தெரியாது. கையை எடுத்தவுடன் காப்பி வந்துவிடும்! அறுபதைக் கடந்த நான், எட்டு வயது நாவுக்குக் கிடைத்ததை இப்போதும் எதிர்பார்த்தால், பாவம், சரக்கு மாஸ்டர் என்ன செய்வார்?

அன்று என் எதிரே கல்லூரி மாணவர் ஒருவர் அமர்ந்து அதே இட்டிலியை உண்டார். தட்டில் எஞ்சிய கடப்பாவையும் விரலால் வழித்து உண்டார். இன்னும் நாற்பது ஆண்டுகள் கழித்து, எங்கிருந்தோ திரும்பி வந்து, இன்றைய இந்த இட்டிலியைத்தான் அவர் 'பழைய ருசி' என்று தேடப்போகிறார். அப்போது யார் அவருக்குப் பரிமாறுவாரோ!

மூன்றாவது காரணம் பசி. எங்கள் இளமையில் ஓட்டல் பலகாரம் அரிதாகக் கிடைத்தது. பரீட்சை முடிந்த நாள், தந்தையார் சம்பளம் வாங்கிய நாள், விருந்தினர் வந்த நாள் என்று எண்ணிவிடலாம். நான்கு நண்பர் சேர்ந்து இருப்பதைத் திரட்டி, இரண்டு காப்பியை நான்கு டம்ளரில் பங்கிட்டுக் குடித்ததுண்டு. காத்திருந்து பெற்றதற்கு ஒரு சுவை சேர்கிறது. நினைத்தபோது நினைத்ததை வாங்கும் நிலை வந்த பின் அச்சுவை எங்ஙனம் வரும்?

இத்தோடு நிறுத்திக்கொண்டால், விடைத்தாளில் பாதிதான் திருத்தியவன் ஆவேன். பழைய ருசியைப் பற்றிப் பேசும்போது நாம் கேட்க மறக்கும் வினா ஒன்று உண்டு. அந்த ருசி அன்று யாருக்குக் கிடைத்தது? யாருடைய உழைப்பில் கிடைத்தது?

என் தாயார் கும்பகோணத்திலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே காலமானவர். எங்கள் வீட்டுக்கும் அந்த ஓட்டலுக்கும் நூறு அடி தூரம் இராது. ஆயினும் ஒரு நாளும் அவர் அங்கே அமர்ந்து உண்டதில்லை. வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருவோர்க்கென்று திரையிட்ட அறை ஒன்று உள்ளே இருந்தது. உள்ளூர்ப் பெண் ஒருத்தி ஓட்டலுக்குப் போவதோ அந்நாளில் வழக்கமில்லை. தந்தையார் எப்போதாவது வாழையிலையில் பொட்டலம் கட்டி வாங்கி வருவார். ஒரு நாள் நான் ஓட்டல் தோசையின் அருமையை விரித்துரைத்தபோது, அம்மா, "எனக்கு எப்படிடா தெரியும்? என்னிடம் வரும்போது அது ஆறிப்போய்விடுகிறதே" என்றார். என் தாயார் அறிந்த பழைய ருசி அந்த ஆறிய ருசிதான்.

இன்னும் முற்பட்ட காலத்தில் நிலை இதனினும் கொடியது. சாதி பார்த்து உள்ளே விட்ட இடங்களும், உள்ளே விட்டாலும் தனி இடம் ஒதுக்கிய இடங்களும் இருந்தன. ரயில் நிலைய உணவு விடுதிகளிலேயே பிராமணர்க்கும் பிறர்க்கும் தனித்தனி இடம் இருந்தது. எதிர்ப்பு எழுந்த பின் 1941-இல் அது நீங்கியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் சாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்றது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதன் பின்னும், 1957-இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் மறியல் தொடங்க வேண்டியிருந்தது.

சட்டம் புத்தகத்தில் ஏறுவதற்கும் டம்ளரில் இறங்குவதற்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. நான் ஆசிரியப் பணியைத் தொடங்கிய சிற்றூரில், 1983-இல், ஒரே தேநீர்க் கடையில் இருவகைக் குவளைகள் இருந்தன. பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்த என் மாணவர் இருவர், மாலையில் அக்கடைக்குச் சென்றால் வெவ்வேறு குவளையில் பருக வேண்டும். அவ்விருவருள் ஒருவன் இன்று ஊர் திரும்பினால், 'பழைய ருசி போயிற்றே' என்று வருந்துவானா? போனதே நன்று என்றல்லவா சொல்வான்!

இனி உழைப்பைப் பற்றி ஒரு சொல். ஐந்தாம் வகுப்பில் என் அருகே அமர்ந்து படித்தவன் ஒருவன் இருந்தான். வாய்ப்பாட்டை என்னைவிட விரைவாக ஒப்பிப்பான். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. சில வாரம் கழித்துத் தந்தையாரோடு ஓட்டலுக்குப் போனபோது, தோளில் ஈரத்துணியும் கையில் வாளியுமாக எங்கள் மேசையைத் துடைக்க வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். கணக்கு நன்றாக வருவதால் விரைவில் தன்னைக் கல்லாவில் உட்கார வைப்பார்கள் என்று மெல்லக் கூறினான். எனக்கு நினைவிருந்தவரை அவன் மேசைதான் துடைத்துக்கொண்டிருந்தான். இரவில் அந்த மேசைகளின் மீதே உறங்குவான் என்றும் அறிந்தேன். அந்த நாளில் நான் உண்ட பலகாரத்தின் விலை குறைவாக இருந்ததற்கு அவனும் ஒரு காரணம்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. ஓட்டல்களிலும் தேநீர்க் கடைகளிலும் பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்ற தடை 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. என் தோழனுக்கு இவை நாற்பது ஆண்டு காலம் தாழ்ந்து வந்தன. சென்ற ஆண்டு கல்லாவில் இருந்த பெரியவரிடம் அவனைப் பற்றி விசாரித்தேன். "அந்தப் பையனா ஐயா? வெகு நாளைக்கு முன்பே திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொல்வார்கள். அப்புறம் தகவல் இல்லை" என்றார்.

அன்று எனக்குக் காப்பி கொண்டுவந்த இளைஞர் பீகாரிலிருந்து வந்தவர். தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசினார். ஆயினும் பலகாரங்களின் பெயரைப் பிழையின்றி ஒப்பித்தார். உங்கள் ஊருக்குப் போனால் முதலில் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். அவர் சற்றும் யோசியாமல், தம் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே லிட்டி சுட்டு விற்கும் கடை ஒன்றைச் சொன்னார். கோதுமை மாவுக்குள் கடலை மாவுப் பூரணம் வைத்துத் தணலில் சுடும் பண்டம் அது. அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. எனக்குச் சொந்த ஊராகிய இடம் அவருக்கு வேற்றூர். என் பழைய ருசியை எனக்குத் தர, தம் பழைய ருசியை விட்டுவிட்டு அவர் வந்திருக்கிறார்.

அப்போது பக்கத்து மேசையில் கல்லூரி மாணவியர் அறுவர் வந்து அமர்ந்தனர். திரையில்லை, தனி அறையில்லை. கல்லிலிருந்து எடுத்த தோசை ஆவி பறக்க அவர்கள் முன் வந்தது. அதைக் கண்டபோது என் தாயாரை எண்ணிக்கொண்டேன். விறகடுப்பும் ஆட்டுக்கல்லும் போனதற்கு வருந்திய என் மனம், இதைக் கண்டு நிறைவு கொண்டது.

மாணவ மாணவியரே, உங்களுள் பலர் மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் ஊரை விட்டுப் போவீர்கள். போகும் முன் உங்கள் ஊர்ச் சிற்றுண்டிச் சாலையில் ஒரு நாள் பொறுமையாக அமர்ந்து பாருங்கள். மாவு எங்கே அரைபடுகிறது, பால் எங்கிருந்து வருகிறது, பரிமாறுபவர் எந்த ஊர்க்காரர், எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று கேட்டறியுங்கள். வீட்டிலுள்ள பாட்டியிடம், அங்கே எப்போதாவது உட்கார்ந்து சாப்பிட்டதுண்டா என்று கேளுங்கள். அவர் இல்லையென்றால் ஒரு நாள் அழைத்துச் சென்று, சூடாக ஒரு தோசை வாங்கித் தாருங்கள். அந்த நாளின் குறிப்பை எழுதியும் வையுங்கள்.

பல ஆண்டு கழித்து நீங்கள் திரும்பி வரும்போது அந்த இட்டிலி மாறித்தான் இருக்கும். அப்போது உங்கள் கணக்கில் இரு பத்திகள் இருக்கட்டும். ஒன்றில் ஊர் இழந்ததை எழுதுங்கள். மற்றொன்றில் ஊர் பெற்றதை எழுதுங்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். பரிமாறியவர் பெயரைக் கேட்டு, நன்றி கூறிவிட்டு வாருங்கள்.